மாமன் தூக்க வேண்டிய பெண்

அத்தியாயம் 17

போன வாரம் முகூர்த்தப் புடவை அரக்கா, மாம்பழ மஞ்சளா என்று அண்ணியும் நாத்தனாரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற இடத்தில் விட்டிருந்தேன். உங்களில் பாதிப் பேருக்கு மேல் மஞ்சள் என்று எழுதியிருந்தீர்கள். அரக்குதான் எடுத்தாயிற்று. என்னைக் கோபித்துப் பயனில்லை, மணப்பெண்ணுக்கு அதுதான் பிடித்தது.

கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. லிங்கப்பன் ஹனூர்ப் பக்கத்துக்காரர். மைசூரு தேவராஜ மொஹல்லாவில் முப்பது வருஷமாக அரிசிக் கடை வைத்திருக்கிறார். மனைவி நிர்மலா. குழந்தைகள் இல்லை. தங்கை பாப்பாத்தி, கணவன் போன பிறகு ஒன்பது வயது மகளோடு அண்ணன் வீட்டு மாடிக்கு வந்தவள். அந்த மகள் சுசித்ரா இப்போது ஹெப்பாளில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கொள்ளேகால் பையன் செந்தில்நாதனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள்.

இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பெண் மணவறைக்கு நடந்து போகக் கூடாது. தாய்மாமன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் மணையில் உட்கார வைக்க வேண்டும். பெண் பூஞ்சையோ, பூசினாற்போல இருப்பவளோ, மாமனுக்கு விதிவிலக்குக் கிடையாது.

பாப்பாத்தியின் கல்யாணத்தில் அது நடக்கவில்லை. தூக்க வேண்டிய மாமன், வரப்புத் தகராறில் முறுக்கிக்கொண்டு மண்டபத்துப் பக்கமே வரவில்லை. பாப்பாத்தி நடந்துதான் போனாள். பதினோரு வருஷம் கழித்து அவள் கணவன் திடீரென்று நெஞ்சு வலியில் போனான். துக்கத்துக்கு வந்த சனம் சும்மா இருக்குமா? "நடந்து போன பொண்ணுதானே" என்று இரண்டையும் முடிச்சுப் போட்டது. அது லிங்கப்பன் காதில் விழுந்தது. அழுதுகொண்டிருந்த ஒன்பது வயதுக் குழந்தையை அன்றைக்கே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "உன்னை நான் தூக்கிட்டுப் போவேன் கண்ணு" என்றார்.

அதைச் சொல்லிப் பதினைந்து வருஷம் ஆகிறது. மனுஷன் மறக்கவில்லை. மறக்காததோடு நிற்காமல், இரண்டு மாதமாக யாருக்கும் தெரியாமல் ஒரு காரியமும் செய்துவந்தார்.

ஒருநாள் கடைக்கு வந்த சுசித்ராவை, விளையாட்டுப்போல மூட்டைத் தராசில் ஏறி நிற்கச் சொன்னார். ஐம்பத்தெட்டு கிலோ. அன்றிலிருந்து கடைக்குப் பின்னால் உள்ள கிடங்கில் இருபத்தைந்து கிலோ பை இரண்டு, ஐந்து கிலோ பொட்டலம் ஒன்று, மூன்று கிலோ துவரம்பருப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி வைத்தார். தினமும் காலை ஆறரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அதை இரு கையிலும் ஏந்திக்கொண்டு கிடங்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். மேலே சாக்கட்டியில் 'சுசி' என்று எழுதியும் வைத்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது ஆள் மண்டபத்தில் நாலு பேர் முன்னால் தடுமாறக் கூடாதல்லவா!

இதற்குப் பின்னால் இன்னொரு ரகசியம். இரண்டு வருஷமாக லிங்கப்பனுக்கு வலது தொடை இடுக்குக்கு மேலே எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு வீக்கம். நின்றால் வரும், படுத்தால் மறையும். இருமினால் கைக்குத் தட்டுப்படும். பீடியை விட்டு ஏழு வருஷமாகியும் இருமல் அவரை விடவில்லை. தன்னை அடையாளம் தெரியாத மெடிக்கல் ஷாப்பாகத் தேடிப் போய் அதை அமுக்கிக் கட்ட ஒரு பெல்ட் வாங்கினார். நிர்மலா கேட்டதற்கு முதுகுவலிக்கு என்றார். இடம் அப்படிப்பட்ட இடம், யாரிடம் போய்க் காட்டுவது?

அந்த வியாழக்கிழமை காலை மூன்றாவது நடை. கையில் ஐம்பத்தெட்டு கிலோ. பாதி வழியில் இருமல் வந்தது. மூட்டையைப் போடவும் மனமில்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டே இருமினார். இடுக்கில் ஏதோ வழுக்கிக்கொண்டு இறங்கியது. மூட்டையை வைத்துவிட்டுக் கையை வைத்துப் பார்த்தார். எலுமிச்சங்காய் இல்லை, கொய்யாப்பழம் இருந்தது.

வழக்கம்போல் அரிசி மூட்டைகள் மேல் மல்லாந்து படுத்து அழுத்திப் பார்த்தார். போகவில்லை. முழங்காலை மடக்கிக்கொண்டு இன்னொரு தரம் அழுத்தினார். உயிர் போகிற மாதிரி வலித்ததே தவிர, அது உள்ளே போகிற வழியாக இல்லை. அரைமணி நேரம் இந்தப் போராட்டம்.

அப்போதுதான் சுசித்ரா ஷட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கல்யாணத்துக்காக ஒரு வாரம் லீவு போட்டிருந்தாள். பக்கத்துக் கடைகளுக்குப் பத்திரிகை வைக்கலாம் என்று வந்தவள், மாமா வேர்த்து விறுவிறுத்து மூட்டை மேல் கிடப்பதைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"ஏனாயித்து மாமா? என்னாச்சுங்க? நெஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. முதுகு புடிச்சுக்கிச்சு. நீ போய் அத்தைகிட்ட வெந்நி வெக்கச் சொல்லு."

"முதுகு புடிச்சா எதுக்கு வயித்தப் புடிச்சுட்டிருக்கீங்க?"

பதில் சொல்வதற்குள் லிங்கப்பனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சுசித்ரா வெளியே ஓடிப்போய், மூட்டை இறக்கும் பசவராஜைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பசவராஜுக்கு அறுபது வயது. ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான்.

"அய்யோ சாமி! இது ஹெர்னியா. எனக்கு வந்துச்சே, அதேதான்! மூணு வருஷம் முன்னாடி நீங்கதானே என்னைய பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீங்க? 'வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காதே பசவராஜு, கொடல் மாட்டிக்கிட்டா உயிருக்கே ஆபத்து'ன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மெதுவாப் பேசு, பசவராஜு. புள்ள இருக்குது."

"பிள்ளைக்கும் தெரியட்டும் சாமி. நான் ஆபரேசன் பண்ணி, ரெண்டு மாசம் கழிச்சு மூட்டை தூக்கலையா? இப்ப எப்படி இருக்கேன் பாருங்க!" பசவராஜ் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டவே போய்விட்டான். சுசித்ரா ஆட்டோவைக் கூப்பிடுவதாகச் சொல்லி நல்லவேளையாக வெளியே போனாள்.

அடுத்தவனுக்குச் சொல்ல நம் எல்லோரிடமும் புத்தி கிலோக் கணக்கில் இருக்கிறது. நமக்கு வேண்டும்போதுதான் ஒரு கிராம் கூடக் கிடைப்பதில்லை. இவரை மட்டும் என்ன சொல்ல!

ஆட்டோ வந்து நின்றதும் லிங்கப்பன் சுசித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கம்மாவுக்கு மட்டும் சொல்லாத கண்ணு. சாமராஜநகருக்குப் பத்திரிகை வெக்கப் போயிருக்கா. நிம்மதியா வெச்சுட்டு வரட்டும்."

சுசித்ரா தலையாட்டினாள். ஆனால் அவள் கண் கிடங்கின் மூலையில் கிடந்த மூட்டை மேலேயே இருந்தது. சாக்கட்டி எழுத்தை அவள் படித்துவிட்டாள்.

நர்சிங் ஹோமில் அந்த நேரத்துக்கு இருந்த சர்ஜன் டாக்டர் வசுதா. நாற்பது வயது இருக்கும். லிங்கப்பன் கட்டிலில் படுத்துக்கொண்டே வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஆம்பள டாக்டரு யாரும் இல்லீங்களா?"

"இருக்கார். பதினோரு மணிக்கு வருவார்" என்றார் டாக்டர். "அதுவரைக்கும் உங்க குடல் காத்திருக்குமான்னு அதையே கேட்டுச் சொல்லுங்க."

"தமிழ் பேசறீங்க!"

"வீட்டுல தமிழ்தான். மேல்கோட்டைக்காரா நாங்க. கன்னடம் கலந்த எங்க வீட்டுத் தமிழைப் பேசினா நீங்க சிரிச்சுடுவீங்க. இப்ப சிரிக்க வேண்டாம், வயிறு குலுங்கும். கையை எடுங்க."

லிங்கப்பன் கண்ணை மூடிக்கொண்டு கையை எடுத்தார்.

வலிக்கு ஓர் ஊசி போட்டார்கள். காலை உயர்த்தி வைத்தார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து டாக்டர் பதறாமல் மெல்ல மெல்ல அழுத்தினார். பத்து நிமிஷத்தில் வீக்கம் உள்ளே போனது. லிங்கப்பன் விட்ட மூச்சு திரைக்கு வெளியே நின்ற சுசித்ராவுக்கே கேட்டது.

அதற்குள் நிர்மலா வந்துவிட்டாள். சுசித்ரா போனில் சொன்னதில் பாதி புரிந்து, புரியாத பாதிக்கு வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தவள், கட்டில் பக்கத்தில் தொங்கிய பெல்ட்டைப் பார்த்தாள்.

"இது முதுகுக்குன்னுதானே சொன்னீங்க?"

லிங்கப்பன் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்.

"ரெண்டு வருசமுங்க! ஒரே வீட்ல இருந்துக்கிட்டு! அந்தப் பக்கமாவே திரும்பிப் படுத்துக்குவீங்க. வெளக்கை அணைச்சாத்தான் துணி மாத்துவீங்க. நான் என்ன நெனைச்சேன் தெரியுமா? எம்மேல உங்களுக்குப் பிடிப்பு விட்டுப்போச்சு, வயசாயிருச்சுன்னு..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அட, அப்படியெல்லாம் இல்ல நிர்மலா" என்றார் லிங்கப்பன். "வெக்கமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

"எங்கிட்ட என்ன வெக்கம்?"

நியாயமான கேள்வி. டாக்டர் வசுதா கூட மருந்துச் சீட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். லிங்கப்பன் மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். நிர்மலா திட்டிக்கொண்டேதான் இருந்தாள், ஆனால் கையை உருவிக்கொள்ளவில்லை.

"என்ன கடை வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"அரிசிக் கடைங்க."

"அப்ப உங்களுக்குச் சுலபமாப் புரியும். சாக்குல ஓர் இடத்துல நெசவு நைஞ்சு போயிருக்கு. உள்ள இருந்து அமுக்கினா அரிசி அந்த வழியா பிதுங்கி வரும். உங்க வயித்துச் சதையில அப்படி ஓர் இடம். சில பேருக்குப் பிறவியிலேயே அந்த இடம் பலவீனம். சிலருக்கு வயசாக ஆக நையும். அது மேல வருஷக் கணக்கா மூட்டை தூக்கறது, விடாத இருமல், மலச்சிக்கல்ல முக்கறது, பீடி, எல்லாம் சேர்ந்துக்கும். பெண்களுக்கும் வரும், ஆம்பளைங்களுக்கு அதிகம்."

"விரல விட்டுத் தள்ளினா உள்ள போயிருதுங்களே?"

"அரிசி உள்ள போகும். ஓட்டை மூடுமா?"

அரிசிக் கடைக்காரர் யோசித்தார். "மூடாதுங்க."

"மேல துணியைச் சுத்தினா?"

"கயிறு போட்டுக் கட்டினாலும் ஒழுகத்தாங்க செய்யும். ஒட்டுப் போட்டுத் தைக்கணும்."

"அதைத்தான் நாங்களும் செய்யறோம். வலை மாதிரி ஒண்ணு இருக்கு, அதை வெச்சுத் தைப்போம். பெல்ட்டும் மாத்திரையும் இதைக் குணப்படுத்தாது. சின்னதா, வலியில்லாம இருந்தா சில பேரைக் கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாம்னு சொல்வோம். ஆனா அதை நாங்க பாத்துச் சொல்லணும். நீங்களே உங்களுக்கு டாக்டர் ஆயிடக் கூடாது."

லிங்கப்பன் நைசாக ஆரம்பித்தார். "டாக்டரம்மா, வர்ற பத்தொன்பதாம் நாள் எங்க புள்ளைக்குக் கல்யாணம். தாலி ஏறினதும் மறுநாள் காத்தால நானே வந்து படுத்துக்கறேனுங்க. சத்தியமா."

"இன்னிக்கு உள்ள போச்சு. அடுத்த தடவை போகலைன்னா? மாட்டிண்ட குடலுக்கு ரத்தம் போகாது. சில மணி நேரத்துல அழுக ஆரம்பிச்சுடும். அப்புறம் குடலையே வெட்டி எடுக்கணும். வீக்கம் கல்லு மாதிரி ஆறது, சிவக்கறது, வாந்தி, வயிறு உப்பறதுன்னு எது வந்தாலும் ஒரு நிமிஷம் வீட்டுல இருக்கக் கூடாது. முகூர்த்த நேரத்துல அது நடந்தா கல்யாணத்துக்கு வந்தவா எல்லாரும் ஐ.சி.யூ. வாசல்ல நிப்பா." டாக்டர் பேனாவை மூடினார். "சாயந்திரம் வரைக்கும் வயித்தைக் கவனிக்கறேன். ரத்தம், இ.சி.ஜி. பாத்துடலாம். எல்லாம் சரியா இருந்தா அஞ்சு மணிக்கு ஆபரேஷன். நாளைக்கு நடப்பீங்க, பத்து நாள்ல கடையில உக்காருவீங்க. கல்யாணத்துக்குத் தாராளமாப் போலாம்."

"புள்ளையத் தூக்கலாமுங்களா?"

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. சுசித்ராதான் விளக்கினாள். வழக்கம், மாமா, ஐம்பத்தெட்டு கிலோ மூட்டை, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அவள் கண் நிறைந்தது.

டாக்டர் லிங்கப்பன் பக்கம் திரும்பினார். "ஆறு வாரத்துக்குக் கனமா எதுவும் தூக்கக் கூடாது. பத்தொன்பதாம் நாள் நிச்சயமா முடியாது."

"நாப்பது அடிதானுங்க. ஒரே நிமிசம்."

"நிமிஷக் கணக்குத் தையலுக்குத் தெரியாதுங்க."

நர்ஸ் கொண்டுவந்த சம்மதப் படிவத்தை லிங்கப்பன் தொடவே இல்லை. நிர்மலா கெஞ்சினாள், மிரட்டினாள், மறுபடி கெஞ்சினாள். சுசித்ரா, "நான் நடந்தே போறேன் மாமா, எனக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல" என்றாள். அதைச் சொன்னதும்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"உனக்கு என்ன தெரியும்? உங்கம்மா நடந்து போனதை நான் பாத்தவன். இருவத்தாறு வருசமா அவ மனசுல என்ன இருக்குன்னு எனக்குத்தான் தெரியும். அவ பொண்ணும் நடந்து போறத அவ கண்ணால பாக்கணுமா? நான் உசுரோட இருக்கறப்பவா?"

மணி பன்னிரண்டு ஆனது. நிர்மலா வராந்தாவுக்குப் போய் போனை எடுத்தாள். புடவை விஷயத்துக்குப் பிறகு அவளும் பாப்பாத்தியும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. நிர்மலா முழுசாகச் சொல்லி முடித்தாள். மறுமுனையில், "அடுத்த பஸ்ஸப் புடிக்கறேன் அண்ணி" என்று மட்டும் குரல் வந்தது.

இரண்டரை மணிக்கு பாப்பாத்தி வந்தாள். தோளில் பத்திரிகைப் பை. விரல் நுனியெல்லாம் மஞ்சள். கட்டில் ஓரமாக உட்கார்ந்து அண்ணனைப் பார்த்தாள். அவளிடம் மறைத்துப் பிடிபட்ட ஆள், அவள் வாயைத் திறக்கும் முன்பே அழ ஆரம்பித்தார்.

"பாப்பாத்தி, பத்தொன்பது நாள் பல்லைக் கடிச்சுக்கறேன். அவளையும் நடக்க விட மாட்டேன்."

"நான் நடந்து போனேனே, அன்னிக்கு நீங்க எங்க நின்னீங்கண்ணா?" என்று கேட்டாள் பாப்பாத்தி.

"தூணுக்குப் பின்னால. பாக்க முடியாம."

"அதான். நீங்க பாக்கவே இல்ல." பாப்பாத்தி மூக்கை உறிஞ்சினாள். "மாமன் வரலைன்னதும் எனக்கு அழுகைதான் வந்துச்சு. ஆனா நடக்க ஆரம்பிச்சதும் போயிருச்சு. தூக்கிட்டுப் போயிருந்தா மாமன் சட்டைப் பட்டனைத்தான் பாத்திருப்பேன். நடந்ததுனால எல்லார் மூஞ்சியும் பாத்தேன். அவரு மணையில இருந்து என்னையே பாத்துட்டிருந்தாரு. நானும் அவரைப் பாத்துக்கிட்டே போனேன். அம்புட்டு தூரமும். எனக்குச் சந்தோசமா இருந்துச்சுண்ணா."

லிங்கப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பதினோரு வருசம் நல்லா வாழ்ந்தேன். அவரு போனது நெஞ்சு வலியில. அதுக்கு முந்தி ஆறு மாசமா வலிக்குது வலிக்குதுன்னு தைலம் தேய்ச்சுக்கிட்டாரு. டாக்டர்கிட்டப் போலாம்னேன். கல்யாண சீசன் முடியட்டும், கரும்பு வெட்டு முடியட்டும்னாரு. நான் நடந்ததுனால அவரு போகலைண்ணா. டாக்டர்கிட்ட நடக்காததுனால போனாரு." அவள் படிவத்தை எடுத்து அண்ணன் மடியில் வைத்தாள். "சனம் என்னமோ சொல்லிட்டுப் போச்சு. அதை நீங்கதான் தூக்கிச் சுமந்திருக்கீங்க. நான் சுமக்கலை. கையெழுத்துப் போடுங்க. எனக்கு மறுபடியும் இழவு வீட்ல உக்காரத் தெம்பில்ல."

நிர்மலா நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். புடவைச் சண்டை அதோடு தீர்ந்தது. லிங்கப்பன் பேனாவை வாங்கி, கடையில் ரசீதுக்குப் போடுகிற மாதிரி நீளமாக ஒரு கையெழுத்துப் போட்டார்.

மாலை ஐந்துக்குப் பத்து நிமிஷம். வயிறு சமர்த்தாக இருந்தது. பச்சை அங்கி மாட்டி, தள்ளு கட்டிலில் லிங்கப்பனை ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மனுஷன் முகத்தில் பயம் இருந்ததே தவிர, பாரம் இல்லை. ஒரு பெரிய மூட்டையை இறக்கிவைத்தவர்போல இருந்தார்.

"சந்தோசமா நடந்து போ கண்ணு" என்றார் சுசித்ராவிடம். "நான் மணவறைக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து பாத்துக்கறேன்."

சுசித்ரா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டீங்க. என்னை ஒருத்தராவது கேட்டீங்களா?"

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"காலைல நீங்க கையெழுத்துப் போடணுமேன்னுதான் நடக்கறேன்னு சொன்னேன். எனக்கு நடக்க இஷ்டம் இல்ல. அம்மாவுக்கு அது பிடிச்சிருக்கலாம். நான் ஒன்பது வயசுல இருந்து, மாமா என்னைத் தூக்கிட்டுப் போவார்னு ஸ்கூல்ல, காலேஜ்ல, ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். எங்க டீம்ல இருந்து பதினாலு பேர் அதைப் பாக்கவே வர்றாங்க. என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்."

"ஏன்டி, உனக்கு என்ன பைத்தியமா?" என்றாள் பாப்பாத்தி. "அவருதான் படுத்துட்டாரே!"

"மாமா படுத்துட்டார். அத்தை நிக்கறாங்களே."

தள்ளு கட்டிலைப் பிடித்திருந்த வார்டு பாய் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

"பொம்பளை தூக்கறதா! எந்த ஊர்ல..." என்று ஆரம்பித்த பாப்பாத்திக்கு, மத்தியானம் தான் பேசிய பேச்சு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டாள். பிறகு சின்னக் குரலில், "கொள்ளேகால்ல சம்பந்தி வீட்டுக்கு இதை யாரு போய்ச் சொல்றது?" என்றாள்.



நிர்மலா எதையும் காதில் வாங்கவில்லை. அவள் சுசித்ராவை உச்சி முதல் பாதம் வரை, மூட்டை பார்க்கிற கண்ணோடு பார்த்தாள். "கடைல எறக்க ஆள் வராத நாள்ல யாரு எறக்கினதாம்?" என்று பொதுவாகக் கேட்டாள். முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள்.

"நிர்மலா!" என்று லிங்கப்பன் தலையைத் தூக்குவதற்குள் கட்டிலை உள்ளே தள்ளிவிட்டார்கள். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப்போனது. கால் விரலை அசைக்கச் சொன்னார்கள், அசைக்க முடியவில்லை. நெஞ்சுக்கு நேராக ஒரு துணித் திரை கட்டினார்கள்.

அப்போது வராந்தாவில் சுசித்ரா கத்துவது கேட்டது. உடனே நிர்மலாவின் குரல்: "அசையாதடி! கழுத்தைக் கட்டிக்க!" அப்புறம் தொம்மென்று ஏதோ ஒரு சத்தம். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

டாக்டர் வசுதா திரைக்கு மேலே எட்டிப் பார்த்தார். "வெளியில என்ன நடக்கறது? கதவைத் திறந்து பாக்கச் சொல்லட்டுமா?"

கால் இரண்டும் தன்னுடையதே இல்லாதது போல் கிடந்தன. கண்ணோரமாக வழிந்து காதுக்குள் போனதைத் லிங்கப்பன் துடைத்துக்கொள்ளவில்லை.

"வேண்டாமுங்க டாக்டரம்மா" என்றார். "அவ தூக்கிருவா. நீங்க ஆரம்பிங்க."